சாக்கடை மூடிக்கு ஒரு ஹால்மார்க்

ஒரு பழைய காருக்கு நாலு சக்கரம் வாங்க இத்தனை பாடா? மூன்று மாதமாக அலைகிறேன். பெண்ணுக்கு வரன் தேடினபோதுகூட இவ்வளவு விசாரிக்கவில்லை.

கார், 1996-ல் புனேயில் பூட்டிய மெர்சிடிஸ் ஈ220. டபிள்யூ124 என்பார்களே, அந்த வகை. அந்தக் கம்பெனி 1995-ல் இந்தியாவில் தயாரிப்பைத் தொடங்கியதே இந்த மாடலை வைத்துத்தான். நான் மூன்றாவது கை. வண்டி என்னிடம் வந்தபோது இரும்பு டிஸ்க், அதற்கு மேல் பிளாஸ்டிக் தொப்பி. தொப்பிகளில் ஒன்று கத்திப்பாரா மேம்பாலத்தில் கழன்று என்னை ஓவர்டேக் செய்துகொண்டு போனது. மூன்று தொப்பியோடு ஓட்டுவதற்கு, அந்தக் காலத்துப் பதினைந்து ஓட்டை அலாய் போட்டுவிடலாமே என்று ஆசைப்பட்டேன். தட்டையான முகம், ஓரம் பூரா வட்டமாக ஓட்டைகள். ஜெர்மன்காரர்கள் அதற்கு வைத்த செல்லப்பெயர் ‘குல்லிடெக்கல்’. சாக்கடை மூடி என்று அர்த்தம். எங்கள் தெருவில் சாக்கடைக்கே மூடி கிடையாது. நான் காருக்கு நாலு மூடி தேடிப் புறப்பட்டேன்.

புதுப்பேட்டையில் முதல் கடை. “ஒரிஜினல் இருக்கா?” என்றேன். “இருக்கு சார். ஒரிஜினல் இருக்கு, ஒரிஜினல் மாதிரி இருக்கு, ஒரிஜினலை விட சூப்பரா ஒண்ணு இருக்கு. உங்களுக்கு எது?” என்றார் கடைக்காரர். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டார்.

சூப்பராக இருந்ததைத்தான் முதலில் பார்த்தேன். புத்தம் புதுசு. முகம் பார்த்துத் தலை சீவலாம். போல்ட் ஓட்டை அஞ்சு, அதன் வட்டம் 112 மில்லிமீட்டர், எல்லாம் சரி. நடு ஓட்டையில்தான் வம்பு. மெர்சிடிஸ் ஹப்புக்கு 66.6 மில்லிமீட்டர் வேண்டும், இது 73.1. எந்தக் காருக்கு வேண்டுமானாலும் விற்கலாம் என்று பெரிதாகவே விட்டு வைத்திருக்கிறார்கள். “ஒரு பிளாஸ்டிக் ரிங் போட்டா கச்சிதமா உக்காந்துக்கும் சார்.” சரியான ரிங் என்றால் உட்காரும்தான். ஆனால் சக்கரத்தை நடுவில் நிறுத்துவது அந்த ரிங்தான். அது கொஞ்சம் லூசாக இருந்தாலும் எண்பதைத் தாண்டினதும் ஸ்டியரிங் நடுங்கும்.

அதோடு போயிற்றா? ஆஃப்செட் 35 என்று பின்பக்கம் போட்டிருந்தது. கம்பெனி வைத்தது ஐம்பதுக்குப் பக்கம். அப்படியென்றால் ஒவ்வொரு டயரும் பதின்மூன்று, பதினாலு மில்லிமீட்டர் வெளியே தள்ளி நிற்கும். நாலு பேர் பின்சீட்டில் ஏறினால் மட்கார்டு உரசும், பேரிங்குக்குக் கூடுதல் பாரம். போல்ட் உட்காரும் குழியைத் தடவிப் பார்த்தேன். மெர்சிடிஸ் போல்ட்டின் கழுத்து பந்து மாதிரி உருண்டை. இந்தக் குழி கூம்பு. உருண்டை கூம்பில் விளிம்பு மட்டும்தான் பிடிக்கும், நாள்பட்டால் லூசாகும். இதைச் சொன்னதும் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “சார் இன்ஜினியரா?” இல்லை ஐயா, பேங்கில் இருந்து ரிட்டையர் ஆனவன். உயிர் மேல் கொஞ்சம் ஆசை, அவ்வளவுதான்.

“ஜேடபிள்யூஎல் முத்திரை இருக்கு பாருங்க, ஜப்பான் தரம்!” என்று காட்டினார். அந்த முத்திரையைத் தயாரிப்பவரே சோதித்துத் தானே போட்டுக்கொள்வது. அதற்கு மேல் வேறொருவர் சரிபார்த்ததாகச் சொல்வது விஐஏ என்ற இன்னொரு முத்திரை. அது அந்தச் சக்கரத்தில் இல்லை. இருந்திருந்தால் மட்டும்? இத்தனை பெரிய சக்கரத்தை வார்க்கத் தெரிந்தவனுக்கு மூன்று எழுத்தை வார்க்கத் தெரியாதா?

சரி, ஒரிஜினலுக்கே போவோம் என்று அடுத்த கடை. சத்தியமாக ஒரிஜினல். உள்பக்கம் நட்சத்திரம், பார்ட் நம்பர், அளவு எல்லாம் வார்ப்பிலேயே இருந்தது. ஆனால் ஒரு சக்கரத்தின் உள்விளிம்பில் மட்டும் பெயிண்ட் தடிமனாக இருந்தது. பேலன்சிங் மிஷினில் மாட்டிச் சுற்றச் சொன்னேன். குதித்தது. சுரண்டினால் உள்ளே ஆர்கான் வெல்டிங். “ஒரிஜினல்தானே சார் கேட்டீங்க?” என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

வீட்டுக்கு வந்து புலம்பினேன். மனைவி கேட்டாள்: “ஒரு சவரன் மோதிரத்துக்கே ஹால்மார்க்குன்னு ஆறு எழுத்து நம்பர் குத்தித் தராங்க. இதுக்கு அப்படி ஒண்ணும் இல்லையா?” நியாயமான கேள்வி. ஆனால் தங்கத்துக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. உருக்கினாலும் தங்கம், நசுக்கினாலும் தங்கம். அலாய் அப்படி இல்லை. வார்த்த அலுமினியத்தை 500 டிகிரிக்கு மேல் சூடாக்கி, சட்டென்று குளிர்வித்து, மறுபடி மிதமான சூட்டில் வைத்துத்தான் அதற்கு வலு ஏற்றுகிறார்கள். வெல்டிங் தீ பட்ட இடத்தில் அந்த வலு போய்விடும். பெயர் மட்டும் ஒரிஜினலாகவே இருக்கும். முப்பது வருஷத்தில் எத்தனை பள்ளத்தில் விழுந்தது, யார் அடித்து நிமிர்த்தினார்கள் என்று எந்த நட்சத்திரமும் சொல்லாது.

ஆலோசனை சொல்ல ஆளுக்கா பஞ்சம்? பழைய கார் வைத்திருக்கும் மாமா ஒருவர், “டூப்ளிகேட் மாட்டினா வண்டிக்கே அவமானம்டா” என்கிறார். பக்கத்து வீட்டுப் பையன், “யாரு அங்கிள் குனிஞ்சு பாக்கப்போறா?” என்கிறான். இரண்டு பேரும் பேசுவது பார்க்கிறவர்களைப் பற்றித்தான். உள்ளே உட்கார்ந்து போகிறவனைப் பற்றி ஒருவரும் பேசக் காணோம். ஜெர்மனியில் வெளிச் சந்தைச் சக்கரத்தில்கூட அரசாங்க அங்கீகார எண்ணைப் பதித்து, எந்தெந்தக் காருக்குப் பொருந்தும் என்று காகிதமும் தருகிறார்கள். நான் கேட்பதும் அந்தத் துண்டுச் சீட்டைத்தான்: யார் வார்த்தது, எத்தனை கிலோ தாங்கும், அடிபட்டதா இல்லையா. அது இருந்தால் டூப்ளிகேட்டைத் தலைமேல் வைத்துக்கொள்வேன்.

கடைசியில் அலைந்து திரிந்து, அடிபடாத ஒரிஜினல் செட் ஒன்று கிடைத்தது. மிஷினில் சுற்றிப் பார்த்தாயிற்று, நாலும் ஆடவில்லை. சந்தோஷமாக மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். “நல்லதுதான் சார். ஆனா அலாய்க்கு நீளப் போல்ட் வேணும். உங்க ஸ்டெப்னி இரும்பு, அதுக்கு இந்தக் குட்டைப் போல்ட்டைத் தனியா டிக்கில வெச்சுக்கணும். மறந்து நீளத்தை இரும்பு டிஸ்க்ல ஏத்தினா பின்னாடி ஹேண்ட்பிரேக்ல போய் இடிக்கும்” என்றார்.

நீளப் போல்ட் இருபது வேண்டும் என்று முதல் கடைக்கே போனேன். அடையாளம் தெரிந்து சிரித்தார்.

“போல்ட்டா? ஒரிஜினல் இருக்கு சார், ஒரிஜினல் மாதிரி இருக்கு…”