தூக்கம் கேட்ட மரம்

ஜப்பானியக் கம்பெனிகளின் காலண்டர்களுக்கு ஒரு காலத்தில் நம் வீடுகளில் சாமி படத்துக்கு அடுத்த மரியாதை. வருடம் முடிந்தாலும் தூக்கிப் போட மனம் வராது. தேதிகளை வெட்டி எறிந்துவிட்டுப் படத்துக்கு மட்டும் ஃபிரேம் போட்டுக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் அப்படித் தங்கிவிட்டது ஒரு நவம்பர் மாதம். ஒரு கோயில் படிக்கட்டு. அதன் மேல் குடை பிடித்தாற்போல ஒரு மேப்பிள் மரம். மரம் முழுக்க ரத்தச் சிவப்பு.

அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்தே எனக்குள் ஓர் ஆசை வளர்ந்துவிட்டது. மைசூர் ராமாபுரத்தில் என் வீட்டு மொட்டைமாடியில், ஒரு தட்டையான தொட்டியில், ஒரடி உயரத்தில் அதே மரம். அதே சிவப்பு.

மைசூர்க்காரர்களுக்கு போன்சாய் பைத்தியம் பிடிப்பதில் ஆச்சரியமில்லை. நஞ்சன்கூடு சாலையில் கணபதி சச்சிதானந்த ஆசிரமத்தில் இருக்கிறது கிஷ்கிந்தா மூலிகா போன்சாய் தோட்டம். 2016-ல் ஒரே இடத்தில் 2,649 குட்டை மரங்களைக் காட்சிக்கு வைத்து கின்னஸ் சாதனை படைத்த இடம். அங்கே முழங்கால் உயர ஆலமரத்தைப் பார்த்துவிட்டு வீடு திரும்பும் எவரும் வழியில் ஒரு தொட்டி வாங்காமல் இருப்பது கஷ்டம். நான் தொட்டியோடு நிற்கவில்லை. மலைப்பிரதேச நர்சரி ஒன்றிலிருந்து இரண்டடி உயர ஜப்பானிய மேப்பிள் கன்று ஒன்றையும் வரவழைத்தேன். விலையை மனைவியிடம் பாதியாகச் சொன்னேன்.

இந்த மரத்தின் தாவரப் பெயர் ஏசர் பால்மேட்டம். ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் துன்பெர்க் 1784-ல் வைத்த பெயர். இலை விரித்த உள்ளங்கை போல இருப்பதால் பால்மேட்டம். ஜப்பானியர்களின் கண்ணுக்கு அது தவளையின் கை. மேப்பிளைக் குறிக்கும் 'கயெதே' என்ற அவர்களுடைய சொல்லே 'தவளைக் கை' என்பதிலிருந்து வந்தது. இன்று இதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரகங்கள் இருக்கின்றன.

கன்றுதான் வந்துவிட்டதே, அதையே போன்சாய் ஆக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் சிக்கல். நர்சரியில் கிடைக்கும் மேப்பிள்கள் பெரும்பாலும் ஒட்டுச் செடிகள். நாற்று ஒன்றின் தலையில் உயர்ந்த ரகத்தின் குச்சியைச் செருகிக் கட்டி வளர்த்தவை. வருடம் போகப்போக ஒட்டிய இடம் புடைக்கும். மேலே ஒரு பட்டை, கீழே வேறொரு பட்டை. இருபதடி மரத்தில் இதை யாரும் கவனிப்பதில்லை. ஒரடி மரத்தில் அடிமரம்தான் முகம். முகத்தில் தழும்பு இருந்தால் கண் வேறெங்கும் போகாது. விதை போட்டால் தழும்பு இருக்காதுதான். ஆனால் தாயின் இலை குழந்தைக்கு வரும் என்ற உத்தரவாதமும் இருக்காது. எனவே போன்சாய்க்காரர்கள் விரும்புவது போத்து முறை. தாய்ச் செடியின் துண்டுக்கே வேர் வரவைப்பது.

முருங்கைக் கிளையை ஒடித்துச் செருகினாலே முளைத்துப் பார்த்த சமூகம் நாம். மேப்பிள் அத்தனை இளகிய மனம் கொண்டதல்ல. முற்றிய கிளை வேர் விடாது. இளந்தளிர் வாடிவிடும். இரண்டுக்கும் நடுவே, புதுக் கிளை பாதி முற்றும் சில வாரங்கள்தான் சமயம். ஜப்பானில் அது ஏறக்குறைய ஜூன். விடியற்காலையில் நாலைந்து அங்குலத் துண்டாக வெட்ட வேண்டும். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, மேல் இலைகளைப் பாதியாகக் கத்தரிக்க வேண்டும். அடியில் ஒரு பக்கம் பட்டையை மெல்லச் சீவி, இண்டோல் பியூட்டிரிக் அமிலம் கலந்த வேர்த்தூளில் தொட்டு, கழுவிய மணலும் தேங்காய் நார்க்கழிவும் கலந்த தொட்டியில் நட வேண்டும். மேலே பிளாஸ்டிக் உறை, நேர் வெயில் படாத இடம். ஆறு முதல் எட்டு வாரத்தில் வேர் வரலாம். வராமலும் போகலாம்.

24 துண்டு நட்டேன். ஒன்பது வேர் விட்டன. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஸ்வீட் கூடக் கொடுத்தேன்.

அவசரம். மேப்பிளைப் பொறுத்தவரை வேர் பிடிப்பது வேறு, பிழைப்பது வேறு. ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் கைதேர்ந்தவர்களே இதில் கோட்டை விடுகிறார்கள். வேர் விட்ட துண்டு அந்தப் பருவத்திலேயே கொஞ்சமாவது வளர்ந்து உணவைச் சேமித்துக்கொள்ள வேண்டும். பிறகு குளிர்காலம் முழுக்கத் தூங்கி, வசந்தத்தில் மொட்டு விரிக்க வேண்டும். கையிருப்பு இல்லாத துண்டு தூக்கத்திலேயே போய்விடும். அதனால்தான் வேர் வந்த கையோடு தொட்டி மாற்றாதீர்கள், அடுத்த வசந்தம் வரை தொடாதீர்கள் என்கிறார்கள் அனுபவசாலிகள்.

என்னுடையவை தூக்கத்தில் போகவில்லை. அவற்றுக்குத் தூக்கமே வரவில்லை.

கியோட்டோ நகரில் ஜனவரி இரவுகளில் வெப்பம் ஓரிரு டிகிரிக்கு இறங்கும். மைசூரில் அதே இரவு 15 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். நமக்கு அதுவே ஸ்வெட்டர் குளிர். மேப்பிளுக்கு அது சாயங்காலக் காற்று. இன்னொரு வித்தியாசம் பகல் பொழுது. கியோட்டோவில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே நாலரை மணி நேரத்துக்கு மேல் வேறுபாடு. மைசூரில் ஒன்றரை மணிக்கும் குறைவு. பகல் சுருங்குவதும் குளிர் ஏறுவதும்தான் அந்த மரத்துக்கு 'விளக்கை அணை' என்ற உத்தரவு. உத்தரவு வந்தபின் சில மாதங்கள், பல நூறு மணி நேரம், குளிரில் கிடந்தால்தான் மொட்டுக்குள் இருக்கும் பூட்டு திறக்கும். குளிர் போதவில்லையென்றால் மொட்டு பாதி விரியும், தாறுமாறாக விரியும், அல்லது விரியாது.

என் மாடியில் அதுதான் நடந்தது. டிசம்பரில் இலை உதிரவில்லை. சிவக்கவும் இல்லை. ஓரம் கருகியபடி கிளையிலேயே தொங்கின. மார்ச்சில் ஒரு சில மொட்டுகள் அரைகுறையாகப் பிரிந்தன. ஏப்ரல் வெயில் மிச்சத்தை முடித்தது. ஒன்பதில் இரண்டு தேறின.

அந்த இரண்டுக்காக ஒரு குறுக்கு வழி தேடினேன். வெப்ப நாட்டு போன்சாய் ஆர்வலர்கள் சிலர் குளிர்காலத்தில் மரத்தை ஃப்ரிட்ஜுக்குள் வைப்பதுண்டு. நான் சொல்வது கதையல்ல. இலை உதிர்ந்து உறங்கும் மரத்துக்கு வெளிச்சம் தேவையில்லை. நாலு டிகிரி குளிரும் லேசான ஈர மண்ணும் போதும். ஆனால் ஃப்ரிட்ஜில் பழம் இருக்கக் கூடாது. பழுக்கும் பழத்திலிருந்து கசியும் எத்திலீன் வாயு மொட்டைக் கெடுக்கும்.

"ஏங்க, இட்லி மாவை எங்கே வைக்கிறது?" என்றாள் மனைவி. பதில் சொல்லாமல் கீழ்த்தட்டைக் காலி செய்தேன். நான் செய்த தப்பு வேறு. இலையோடு விழித்துக்கொண்டிருந்த செடியை 25 டிகிரியிலிருந்து நேராக நாலு டிகிரிக்குள் தள்ளினேன். வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் குளிர வேண்டிய உயிரை ஒரே ராத்திரியில் உறையவைத்தால் அது உறக்கமல்ல. தாய்ச் செடியும் அடுத்த கோடையைப் பார்க்கவில்லை.

மாதம் இருமுறை தோட்ட வேலைக்கு வரும் பெரியவர் காய்ந்த தொட்டிகளைப் பார்த்தார். கொள்ளேகால் பக்கத்துத் தமிழர். "மலைச் செடி சார் இது. இதை எதுக்கு இங்க கொண்டாந்து கஷ்டப்படுத்துறீங்க?" என்றார். செடியைத்தான் சொன்னார். என் மனைவி என்னைப் பார்த்தாள்.

இதைப் படித்துவிட்டு அந்நிய மரமே ஆகாது என்று முடிவு கட்ட வேண்டாம். குல்மொஹர் மடகாஸ்கரிலிருந்து வந்தது. தூங்குமூஞ்சி மரம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. இரண்டும் மைசூர் சாலைகளில் சொந்தக்காரர்களைப் போல நிற்கின்றன. தூங்குமூஞ்சிக்குத் தினமும் ராத்திரி இலையைக் கூப்பிக்கொண்டு தூங்கினால் போதும். ராத்திரி எல்லா ஊரிலும் வருகிறது. மேப்பிள் கேட்பது வருடாந்திரத் தூக்கம். அதை மைசூர் வானிலையால் தர முடியாது. பிறந்த ஊர் பிரச்சினை இல்லை, பழக்கம்தான் பிரச்சினை.

பழக்கத்தை மாற்ற முடியாதா? ஆப்பிளில் முடிந்திருக்கிறது. இமாசலத்தின் பழைய டெலிஷியஸ் ரகங்களுக்கு ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் குளிர் வேண்டும். குளிர் குறையக் குறைய, தோட்டங்கள் மலையில் மேலே மேலே ஏறிக்கொண்டிருக்கின்றன. அதே மாநிலத்தில் தாழ்வான பிலாஸ்பூர் மாவட்டத்து விவசாயி ஹரிமன் சர்மா, குறைந்த குளிரிலேயே காய்க்கும் ஒரு மரத்தைக் கண்டு பெருக்கினார். எச்.ஆர்.எம்.என்.-99 என்ற அந்த ரகம் சமவெளி மாநிலங்களிலும் நடப்படுகிறது. 2025-ல் அவருக்கு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. ஆப்பிளுக்குச் சந்தை இருக்கிறது, தேடினார்கள், கிடைத்தது. மேப்பிளுக்காக அப்படி மெனக்கெட யாருக்கும் அவசரமில்லை.

ஆனால் விற்பதற்கு அவசரப்படுகிறவர்கள் உண்டு. நீல மேப்பிள், ஊதா மேப்பிள், வானவில் மேப்பிள் என்று படம் போட்டு விதை விற்கிறார்கள். நீல இலை மேப்பிள் உலகத்தில் எங்கும் இல்லை. அது கம்ப்யூட்டரில் சாயம் பூசிய படம். நிஜமான மேப்பிள் விதையாகவே இருந்தாலும், ஈர மணலில் கலந்து மூன்று நான்கு மாதம் குளிரில் வைத்தால்தான் முளைக்கும். வெளிநாட்டிலிருந்து பிள்ளையோ பெண்ணோ பெட்டியில் கொண்டுவரலாமே என்றும் நினைக்காதீர்கள். இறக்குமதி அனுமதியும், செடி நோயற்றது என்ற சான்றிதழும் இல்லாமல் விதையோ செடியோ கொண்டுவருவதைத் தாவரத் தனிமைச் சட்டம் அனுமதிப்பதில்லை. அது நியாயமான சட்டம். ஒரு விதையோடு வரும் பூஞ்சைக்கு நம் தோட்டங்கள் முழுதும் விருந்தாகிவிடலாம்.

சிம்லாவிலோ டார்ஜிலிங்கிலோ காலிம்பாங்கிலோ உத்தியோகமாக இருக்கும் வாசகர்கள் தாராளமாக மேப்பிள் போத்து நடலாம். ஊட்டி, கொடைக்கானல்காரர்களும் முயன்று பார்க்கலாம். டெல்லிக்காரர்கள் யோசித்துச் செய்யவும். ஜனவரி ஆசை காட்டும், மே மாத அனல் காற்று இலையைப் பொசுக்கிவிடும். சென்னை, பம்பாய் வாசகர்கள் காலண்டரோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

மற்றவர்களுக்கு? தோட்டக்காரப் பெரியவர் அன்று போகும்போது, இடிந்த சுவர் ஒன்றில் முளைத்திருந்த சிற்றிலை இச்சியின் கிளை ஒன்றை வெட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். கட்டை விரலைவிடப் பருமன். மேப்பிளில் இந்தப் பருமனுக்கு வேர் வராது. ஆல், இச்சி குடும்பத்தில் மணிக்கட்டுப் பருமனுக்குக்கூட வரும். போன்சாய்க்காரனுக்கு இது லாட்டரி. பத்து வருடம் காத்திருந்து பெற வேண்டிய அடிமரம் முதல் நாளே கையில். ஜூன் மழை தொடங்கியதும், வடியும் பாலைக் கழுவி உலரவிட்டு, மணலில் நட்டு நிழலில் வைத்தேன். வேர்த்தூள் கூட இல்லை. ஒரு மாதத்தில் தளிர் விட்டது. மாதுளையும் போகன்வில்லாவும் இதே போல முற்றிய குச்சியிலிருந்தே வருகின்றன. புளியை மட்டும் விதை போட்டு வளர்ப்பது சுலபம்.

எல்லாம் சரி, அந்தச் சிவப்பு?

போன மார்ச்சில் மாடியில் நின்றிருந்தபோதுதான் உறைத்தது. தொட்டியில் இருந்த அரசங்கன்று பழைய இலையைக் கொட்டிவிட்டு செப்பு நிறத்தில் துளிர்த்திருந்தது. எதிர் வீட்டு மாமரத்தில் ஒரு பக்கம் முழுக்கச் சிவந்த தளிர். காட்டுப் பக்கம் போனால் பூவ மரம் அதே மாதத்தில் தீப்பிடித்தாற்போல நிற்கும். மாந்தளிர் என்று புடவைக்கு நிறம் சொன்னவர்கள் நம் பாட்டிகள். ஜப்பானில் இலை விடைபெறும்போது சிவக்கிறது. நம் ஊரில் பிறக்கும்போது சிவக்கிறது. இரண்டுக்கும் சாயம் ஒன்றுதான், ஆந்தோசயனின். பிஞ்சு இலையை வெயிலிலிருந்தும் பூச்சியிலிருந்தும் அது காப்பதாகக் கருதுகிறார்கள். நான் நவம்பரில் தேடிக்கொண்டிருந்தது மார்ச்சில் வந்து போய்க்கொண்டிருந்திருக்கிறது, அதுவும் வருடா வருடம்.

காலண்டர் படத்தை இன்னும் கழற்றவில்லை. அதன் கீழே இப்போது அரசந்தொட்டி இருக்கிறது. ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டு இட்லி மாவிடமே திரும்பிவிட்டது. மேப்பிளின் உண்மை விலையை மட்டும் வீட்டில் இன்னும் சொல்லவில்லை.