சம்பளம் எந்தத் தேதியில் வந்தது?

மதிப்பீட்டுத் துறையில் இருப்பவர்களுக்குக் கென்யா கிட்டத்தட்டப் பழகிய ஊர். குடற்புழு மாத்திரை, கொசுவலை, உரம் என்று பூசியா மாவட்டத்தின் பெயர் அடிபடாத பயிலரங்கு அரிது. ஒப்பந்த ஆசிரியர் கதையை மட்டும் நாம் பாதியோடு நிறுத்திவிடுகிறோம்.

முன்பாதி எல்லோருக்கும் தெரியும். 2003இல் தொடக்கக் கல்வி இலவசமானதும் பள்ளிகள் பிதுங்கின. மேற்குக் கென்யாவில் ஆய்வுக்கு எடுத்த பள்ளிகளில் முதல் வகுப்பில் சராசரியாக 80 பிள்ளைகளுக்கு மேல். 2005இல் ஒரு தொண்டு நிறுவனம் 140 பள்ளிகளுக்குத் தலா ஓர் ஆசிரியரைக் கூடுதலாக வைத்துக்கொள்ளப் பணம் கொடுத்தது. நம் வழக்கில் சொன்னால் தொகுப்பூதியம். அரசு ஆசிரியர் வாங்குவதில் ஏறத்தாழக் கால்பங்கு. ஆளை எடுப்பதும் நீட்டிப்பதும் பள்ளிக் குழுவின் பொறுப்பு. இந்த ஒப்பந்த ஆசிரியர்களிடம் படித்த பிள்ளைகள் தேர்வில் முந்தினார்கள் என்று பொருளியலாளர்கள் டுஃப்லோ, டுபா, கிரேமர் மூவரும் காட்டினார்கள். அதே ஆய்வில் சுருக்கத்தைத் தாண்டிப் படித்தால்தான் கண்ணில் படும் சங்கதிகள் உண்டு. புதியவர் வந்ததும் பழைய ஆசிரியர் வகுப்புப் பக்கம் வருவது குறைந்தது. புதிய இடங்களில் கணிசமானவை அங்கே ஏற்கெனவே வேலை பார்த்தவர்களின் சொந்தக்காரர்களுக்குப் போயின. குழுவுக்குப் பயிற்சி கொடுத்த பள்ளிகளில் அது குறைந்தது.

பின்பாதி, நாடு முழுக்க அரசு ஏறத்தாழ 18,000 பேரை எடுக்கப் புறப்பட்டபோது நடந்தது. டெஸ்ஸா போல்டும் அவருடைய கென்ய, அயல்நாட்டு சகாக்களும் 192 பள்ளிகளில் இதைச் சோதித்து 2018இல் வெளியிட்டார்கள். ஒரு பகுதியை வேர்ல்ட் விஷன் என்ற தொண்டு நிறுவனம் நடத்தியது, இன்னொரு பகுதியைக் கல்வி அமைச்சகம். வேலை ஒன்றுதான். தொண்டு நிறுவனப் பள்ளிகளில் மதிப்பெண் ஏறியது. அமைச்சகப் பள்ளிகளில் பலன் பூஜ்யம்.

அரசு என்றாலே மெத்தனம் என்று இதைப் படித்துவிட்டுப் போவது சோம்பேறித்தனம். அமைச்சகத்தின் வழியே சம்பளம் தாமதமாக வந்தது. ஆசிரியர் சங்கம் திட்டத்தை எதிர்த்தது. 2011 வேலைநிறுத்தத்தை ஒட்டி ஒப்பந்தக்காரர்களை நிரந்தரமாக்க அரசு இசைந்தது. கால்பங்கு ஊதியத்தில் இருப்பவர் நிரந்தரம் கேட்பதில் தவறு காண முடியாது. ஆனால் வேலை நீடிப்பதும் போவதும் பள்ளிக் குழுவின் கையில் என்ற ஏற்பாட்டின் மேல்தான் முதல் ஆய்வின் பலன் நின்றிருந்தது. தலைநகரில் பேச்சுவார்த்தை தொடங்கியதும் அந்தப் பிடி நழுவியது. தொண்டு நிறுவனம் ஒன்று சில மாவட்டங்களில் வேலை செய்யும்வரை எந்தச் சங்கமும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

நமக்கு வரும் கட்டுரைகளில் மாதிரி அளவும் பிழைவீச்சும் தவறாமல் இருக்கின்றன. களத்தில் ஆளை எடுத்தது யார், சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து எந்தத் தேதியில் போனது, யார் எதிர்த்தார்கள் என்பதற்கு ஒரு பத்திகூட இருப்பதில்லை. அடுத்த இதழ் முதல் அந்தப் பத்தி இல்லாத கட்டுரையை மதிப்புரைக்கு அனுப்பப் போவதில்லை.