கிரானைட் பூமியில் ரேடான்: மூச்சில் போகும் கதிரியக்கம் உடம்புக்குள் என்ன செய்கிறது?

ஓசூர் - கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் ராட்சத கிரானைட் பாளங்களை ஏற்றிய லாரிகளைப் பார்க்காமல் போக முடியாது. குவாரி, கட்டிங், பாலிஷ் பட்டறை என இந்தக் கல்லை நம்பிப் பல குடும்பங்கள் வாழ்கின்றன. 'கிரானைட்டில் கதிரியக்கம் இருக்காமே, கேன்சர் வருமா?' என்ற சந்தேகம் பலருக்கும் உண்டு. உண்மை என்ன?

கல்லில் எப்படி கதிரியக்கம்?

கிரானைட் பாறையில் யுரேனியமும் தோரியமும் இயற்கையாகவே மிகச் சிறிய அளவில் இருக்கும். கறுப்பு கிரானைட் எனப்படும் டோலரைட்டில் பொதுவாக இது குறைவு. இளஞ்சிவப்பு ரகங்களில் சற்று அதிகம். யுரேனியம் படிப்படியாகச் சிதையும்போது ரேடான் என்ற வாயு பிறக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கல்லில் இருந்து மட்டுமல்ல, வீட்டுக்கு அடியில் உள்ள மண்ணில் இருந்தும் தரை விரிசல் வழியாக இது உள்ளே வரும்.

மூச்சில் போனால் என்ன ஆகும்?

ரேடான் வாயுவில் பெரும்பகுதி மூச்சோடு வெளியே வந்துவிடும். சிக்கல், அது சிதைந்து உருவாகும் பொலோனியம் போன்ற திடப்பொருள்களில்தான் இருக்கிறது. இவை காற்றில் உள்ள தூசியில் ஒட்டிக்கொண்டு மூச்சுக்குழாயின் சுவரில் படிகின்றன.

நுரையீரலில் சேரும் தூசியைச் சளி மேலே தள்ளிவிடும். ஆனால் அதற்குப் பல மணி நேரம் ஆகலாம். பொலோனியம்-218-ன் அரை ஆயுளோ சுமார் 3 நிமிடம்தான். சளி வெளியேற்றுவதற்குள் அது சிதைந்து ஆல்ஃபா கதிரை வீசிவிடும். ஒரு காகிதமே தடுத்துவிடும் கதிர் இது. தோலுக்கு வெளியே இருந்தால் ஆபத்து குறைவு. உள்ளே போய்விட்டால், பக்கத்து செல்களின் மரபணுவை நேரடியாகத் தாக்கும்.

எல்லாம் ஒரே மாதிரியா?

இல்லை. எவ்வளவு சீக்கிரம் கரைகிறது என்பதுதான் முக்கியம். சீசியம், அயோடின் போன்றவை வேகமாகக் கரைந்து ரத்தத்தில் கலக்கும். அயோடின் தைராய்டில் சேரும். சீசியம் தசை உட்பட உடம்பு முழுக்கப் பரவும். எளிதில் கரையாத யுரேனியம், தோரியம் ஆக்சைடு தூசி, நுரையீரலின் அடியாழத்தில் மாதக்கணக்கில், சில நேரம் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும்.

பயப்படணுமா?

திறந்தவெளி குவாரியில் ரேடான் காற்றில் கலைந்துவிடும். கவனிக்க வேண்டியது காற்றோட்டமே இல்லாத தரைத்தள அறைகள், அடித்தளங்கள். வீட்டுக்குள் ஒரு கன மீட்டர் காற்றில் 100 பெக்கரலுக்குள் ரேடான் இருப்பது நல்லது, முடியாத இடங்களில் 300-ஐத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். புகைபிடிக்காதவர்களைவிட, புகைபிடிப்பவர்களுக்கு ரேடானால் வரும் ஆபத்து 25 மடங்கு அதிகம் என்றும் அந்நிறுவனம் மதிப்பிடுகிறது.

கல் தொழிலாளர்களுக்கு இதைவிடப் பெரிய, உடனடி எதிரி சிலிக்கா தூசி. அதனால் வரும் சிலிகோசிஸ் நோய்க்கு முழுமையான சிகிச்சை கிடையாது.

மாஸ்க் போட்டா போதுமா?

ரேடான் வாயுவை மாஸ்க் தடுக்காது. ஜன்னலும் எக்ஸாஸ்ட் ஃபேனும்தான் வழி. தரை விரிசலை அடைத்தால் இன்னும் நல்லது. தூசிக்குத் துணி கட்டினால் போதாது: கல்லைத் துளைக்கும்போதும் அறுக்கும்போதும் தண்ணீர் விடணும், முகத்தில் சரியாகப் பொருந்தும் என்95 மாஸ்க் போடணும். விடாத இருமலும் மூச்சுத்திணறலும் இருந்தால் டாக்டரிடம் போகும்போது, 'எத்தனை வருஷமா கல் வேலை செய்றேன்' என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.