எத்தனை நாளைக்கு என்று கேளுங்கள்!

போன வருடம் என் மாமியார் பக்கவாதம் வந்து, நினைவில்லாமல் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் பதினோரு நாள் இருந்தார். மூக்கு வழியாக டியூப் போட்டுத்தான் ஆகாரம். மூன்றாம் நாள் ஊற்றியது இறங்கவில்லை. வயிறு உப்பி, எல்லாம் வாய் வழியாகத் திரும்பி வந்தது.

"போதும் சிஸ்டர், சாப்பாட்டை நிறுத்திடுங்க. அத்தை பாவம்" என்று அழுதேன்.

"நிறுத்தினா உடம்பு தாங்காதும்மா. நோய் கடுமையா இருந்தா வயிறும் சோர்ந்துடும். சாப்பாடு கீழே இறங்காம அங்கேயே நிக்கும். அது எதுக்களிச்சு நுரையீரலுக்குள்ள போனா நிமோனியா ஆயிடும். அதுக்குத்தான் ஊசி போடுறோம்" என்று அந்த சிஸ்டர் பொறுமையாகச் சொன்னார்.

போட்டது மெட்டோகுளோபிரமைடு. மெடிக்கல் ஷாப்பில் வாந்திக்குக் கொடுக்கிறார்களே, அந்த பெரிநார்ம்தான். வயிற்றில் தங்கியதைக் குடலுக்குத் தள்ளிவிடுமாம். தலைமாட்டையும் உயர்த்தி வைத்து, மொத்தமாக ஊற்றாமல் சொட்டுச் சொட்டாக இறக்கினார்கள். இரண்டே நாளில் வாந்தி நின்றது.

"இது கேக்கலேன்னா எரித்ரோமைசின் இருக்கு" என்றார் சிஸ்டர். தொண்டைப் புண்ணுக்குத் தருகிற அதே ஆன்டிபயாடிக்! அதைக் கொஞ்சமாகக் கொடுத்தால் வயிற்றை வேலை செய்ய வைக்குமாம். ஆனால் இதயத் துடிப்பைக் கவனித்துக்கொண்டே கொடுக்க வேண்டுமாம். இரண்டு மருந்துமே சில நாள்தான் நன்றாகக் கேட்கும், பிறகு பலன் குறைந்துவிடும் என்றும் சொன்னார். அந்த 'சில நாள்' என்ற வார்த்தையை நான் மனதில் வாங்கிக்கொள்ளவில்லை. அதுதான் நான் செய்த தப்பு.

டியூபோடு பெண்ணாடத்துக்கு அழைத்து வந்தோம். கொடுத்த சீட்டில் அதே மருந்து மாத்திரையாக, தினம் மூன்று வேளை என்று இருந்தது. எத்தனை நாளைக்கு என்று எழுதவில்லை. டாக்டர் என் வீட்டுக்காரரிடம்தான் பேசினார். வீட்டில் மாத்திரையைப் பொடித்து டியூபில் விடுகிறவள் நானல்லவா? தீரத் தீர பழைய சீட்டைக் காட்டி வாங்கினேன். கடைக்காரரும் கேட்கவில்லை. வாந்தி நின்ற மருந்தாயிற்றே, விட்டால் திரும்ப வந்துவிடுமோ என்ற பயம் எனக்கு.

மூன்றரை மாதம் கழித்து, அத்தையின் வாய் சும்மா இருக்கும்போதே மென்றுகொண்டிருந்தது. நாக்கு வெளியே வந்து வந்து போனது. "கிழவிக்கு வெத்தலை ஆசை வந்துடுச்சு" என்று அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். இப்போது நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது.

புதுச்சேரியில் ஒரு நரம்பு டாக்டரிடம் காட்டினோம். சீட்டைப் பார்த்ததும், "ஏம்மா, இதை இன்னுமா குடுக்கறீங்க?" என்றார். இந்த மருந்து மூளைக்கும் போகுமாம். மாதக்கணக்கில் கொடுத்தால் வாய், நாக்கு தானாக ஆட ஆரம்பிக்குமாம். வயதான பெண்களுக்குத்தான் அந்த ஆபத்து அதிகமாம். 12 வாரத்துக்கு மேல் வேண்டாம் என்று அமெரிக்காவில் 2009லேயே எச்சரித்துவிட்டார்களாம். ஐரோப்பாவில் 2013ல் 5 நாள்தான், ஒரு நாளைக்கு 30 மில்லிகிராம்தான் என்று குறைத்துவிட்டார்களாம். வயிற்றை இயக்க முன்பு கொடுத்து வந்த சிசாபிரைடு என்ற மருந்தை, இதயத் துடிப்பைக் கெடுக்கிறது என்று நம் நாட்டிலேயே 2011ல் தடை செய்ததையும் சொன்னார்.

மாத்திரையை நிறுத்தச் சொன்னார். பயந்த மாதிரி வாந்தி திரும்ப வரவில்லை. தலையணை வைத்து நிமிர்த்தி உட்கார வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக, மெதுவாக விடுகிறேன். விட்ட பிறகும் ஒரு மணி நேரம் படுக்க வைப்பதில்லை. வாய் ஆடுவது குறைந்திருக்கிறது, முழுதாக நிற்கவில்லை. நிற்காமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மருந்தை நான் குறை சொல்லவில்லை. அந்தப் பதினோரு நாளில் அதுதான் அத்தைக்குச் சோறு இறங்க வைத்தது. எப்போது நிறுத்துவது என்று யாரும் சொல்லாததும், நான் கேட்காததும்தான் குறை. சீட்டில் 'இத்தனை நாள்' என்று தமிழில் ஒரு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகும்? ஆம்பளையிடம் சொன்னால் போதும் என்று நினைக்காமல், ஊட்டுகிற பெண்ணையும் கூப்பிட்டுச் சொன்னால் என்ன?

சகோதரிகளே, ஆஸ்பத்திரியிலிருந்து நோயாளியை அழைத்து வரும்போது, ஒவ்வொரு மருந்துக்கும் மூன்று கேள்வி கேளுங்கள். இது எதற்கு? எத்தனை நாளைக்கு? என்ன மாறுதல் தெரிந்தால் ஓடி வர வேண்டும்? நீங்களாக மருந்தை நிறுத்தவும் வேண்டாம், பழைய சீட்டைக் காட்டி வாங்கிக்கொண்டே இருக்கவும் வேண்டாம். கேட்டால் டாக்டர் கோபிப்பாரோ என்று தயங்காதீர்கள். நான் தயங்கினேன், என் அத்தையின் வாய் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது.

– ஒரு வாசகி, பெண்ணாடம்.