ஆழி சூழ் உலகு: நடுக்கடலில் ஒரு வினா

நாவல் வாசிப்பது காலத்தை வீணே போக்குவதென்று கருதுவார் நம்மிடையே இன்றும் உளர். அன்னாரோடு வாதம் புரிவதினும், ஒரு நூலை அவர் கையிற் கொடுத்துவிடுதல் நலமென்று எண்ணுகிறேன். உவரியூரினராகிய ஜோ டி குரூஸ் இயற்றி 2004ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஆழி சூழ் உலகு’ என்பதே அந்நூல்.

கதை நிகழிடம் ஆமந்துறை என்னும் பரதவர் ஊர். 1933 முதல் 1985 ஈறாக அவ்வூர் மாந்தர் வாழ்ந்த வாழ்வு அதனுட் சொல்லப்படுகின்றது. ஆயினும் நூலைத் தாங்கி நிற்பது ஒரே நிகழ்ச்சி. முதியவராகிய கோத்ராப்பிள்ளை, அவருக்கு இளையவராகிய சூசை, இளைஞனாகிய சிலுவை ஆகிய மூவரும் நடுக்கடலில் அகப்பட்டுத் தத்தளிக்கின்றனர். கரை தோன்றவில்லை; வலிமை ஒடுங்குகின்றது. மூவரும் பிழைத்தல் அரிது. அங்ஙனமாயின் இருக்கவேண்டியவர் யார், போகவேண்டியவர் யார்?

வினா பழையதே. உடைந்த கலத்தின் பலகையொன்றை இருவர் பற்றினால் அது யாருக்குரியது என்னும் ஆராய்ச்சி கர்னியாடிஸ் என்னும் கிரேக்க ஞானியின் பெயரால் வழங்குகின்றது. உரோமானியராகிய சிசரோவும் கடமைகளைப் பற்றிய தம் நூலில் அதனை எடுத்துக்கொண்டார். 1884இல் ‘மிக்னோனெட்’ என்னும் ஆங்கிலக் கலம் மூழ்கியபோது, படகேறித் தப்பியோர் பசி தாளாது தம்முள் இளையவனைக் கொன்று உண்டனர். நீதிமன்றம் அதனைக் கொலையென்றே தீர்த்தது. இவ்வாராய்ச்சிகளிலெல்லாம் எழுவது, ‘பிழைக்க எனக்கு உரிமை யாது?’ என்னும் வினா. ஆமந்துறையாருடைய நெஞ்சில் எழுவது வேறு. அஃது இன்னதென ஈண்டு விரித்தால், வாசிப்போர் அடையவேண்டிய கலக்கத்தை யான் களவாடியவனாவேன்.

நம் கரைக்கு இவ்வறம் அயலானதன்று. தூத்துக்குடி முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. அத்தொழில் நடந்த நாளில், கல்லைத் துணையாகக் கொண்டு ஆழத்தில் இறங்குவோனுடைய உயிர், மேலே தோணியிற் கயிறு பிடித்திருப்பவன் கையில் இருந்தது. அக்கயிற்றை மச்சானிடமே கொடுத்தல் வேண்டுமென்பது இக்கரையில் வழங்கும் பேச்சு. உடன்பிறந்தாளின் தாலியை எண்ணி அவன் கை தளரானாம்!

நூற்பெயரும் நோக்கத்தக்கது. கம்பநாடர் கைகேயியின் வாயில் வைத்த தொடர் அது. அச்சொற் கேட்டே இராமன் தன் இடத்தைப் பரதனுக்கு விட்டு நீங்கினான். பரதன், பரதவர் என்னும் ஒலியொப்புமையோடு, பிறர்க்காகத் தன் இடத்தைவிட்டு நீங்குதல் என்னும் பொருளொப்புமையும் இந்நூலுட் கிடப்பதாக எனக்குத் தோன்றுகின்றது. ஆசிரியர் கருதினாரோ இல்லையோ, தமிழ் பயில்வோர் கருதாதிருத்தல் இயலாது.

குடியும், பகையும், பிறன்மனை நயத்தலும் மறைவின்றிக் கூறப்பட்டமையால் கடலோரத்தார்க்கு இழுக்கு நேர்ந்ததென்று சிலர் வருந்துவர். யான் உடன்படேன். அம்மூவரும் குற்றமற்ற அடியார்களாகப் படைக்கப்பட்டிருப்பின், அவர்தம் துன்பம் பிரசங்கத்திற் கேட்கும் கதையாய்ப் போயிருக்கும். சிநேகிதனுக்காகத் தன் ஜீவனைக் கொடுத்தலைப் பற்றி யோவான் சுவிசேஷத்திற் படித்தறிந்த நாம், பாவம் செய்து, அதனை நெஞ்சிற் சுமந்த மனிதனுக்கு அது எத்துணை அரிதும் எத்துணை எளிதுமாகும் என்பதை இந்நூலிற் காண்கின்றோம்.

குறை இல்லாமலில்லை. மாந்தர் தொகை பெரிது. யார் யாருக்கு என்ன முறையென்பதைத் தனித்தாளில் எழுதிக்கொண்டே யான் முதற் பகுதியைக் கடந்தேன். நடையோ முற்றும் பரதவர் பேச்சு. கச்சான், சோழகம் என்றால் காற்றின் பெயரென அறியாத உள்நாட்டு மாணவர் முதலில் திகைப்பர். அவர்கட்கு ஒரு வழி கூறுவேன். விடுதியில் மணப்பாட்டிலிருந்தோ உவரியிலிருந்தோ வந்த நண்பர் ஒருவரேனும் இருப்பார். அவரை உரக்க வாசிக்கச் செய்து கேளுங்கள். அகராதியில் அகப்படாத சொற்களும் அவர் வாயில் விளங்கும். மூவரும் கடலிற் கிடக்கும் பக்கங்கள் வரும்போது அவர் குரல் தானே தாழ்வதையும் கேட்பீர்கள்.