பேன்ட் போட போலீஸ் அனுமதி! பாரீஸ் பெண்கள் பட்ட பாடு

பாரீஸ் என்றதும் எல்லாருக்கும் நினைவு வருவது என்ன? அழகிகள், சென்ட், கண்ணைப் பறிக்கும் கவுன், அதில் தொங்கும் விலைச் சீட்டு!

உலகத்துப் பெண்கள் எல்லாம் பாரீசைப் பார்த்து 'காப்பி' அடிக்கிறார்கள். அடிக்கட்டும். தப்பே இல்லை. ஆனால் எதைக் காப்பி அடிக்கிறோம் என்று பார்க்க வேண்டாமா?

நாகரீகத்தின் தலைநகரம் என்று பெயர் எடுத்த அதே பாரீசில், 1800-ம் ஆண்டு ஒரு போலீஸ் உத்தரவு வந்தது. ஆண் உடை போட விரும்பும் பெண், போலீஸ் தலைமை அலுவலகத்துக்குப் போய் அனுமதி வாங்கணும்!

1892-லும் 1909-லும் கெடுபிடி கொஞ்சம் தளர்ந்தது. எப்படித் தெரியுமா? கையில் சைக்கிள் ஹேண்டில்பாரோ குதிரைக் கடிவாளமோ இருந்தால் பேன்ட் போடலாமாம். சைக்கிளை விட்டு இறங்கினால்? அம்போ!

இந்த உத்தரவுக்கு உயிர் இல்லை என்று பிரெஞ்சு மந்திரி ஒருவர் முறைப்படி அறிவித்தது 2013-ல்தான்.

தையல்காரி செய்த புரட்சி

இந்தக் கட்டுப்பெட்டி ஊரில்தான் கோகோ சேனல் கிளம்பினார். அநாதை விடுதியில் வளர்ந்து, தையல் வேலை பார்த்தவர். ஆண்களின் உள்ளாடைக்குப் போன ஜெர்சி துணியை எடுத்து, பெண்களுக்கு உடை தைத்தார். மூச்சை அடைக்கும் இடுப்புக் கச்சைக்கு அங்கே வேலை இல்லை. கை வீசி நடக்கலாம். குனிந்து நிமிரலாம்.

1926-ல் அவருடைய சாதாரண கறுப்பு கவுனை அமெரிக்க 'வோக்' பத்திரிகை போர்டு காருக்கு ஒப்பிட்டது. எல்லாருக்கும் ஏற்றது என்று அர்த்தம்!

1947-ல் கிறிஸ்தியன் தியோர் வந்தார். மறுபடி இடுப்பு இறுகியது. பாவாடை விரிந்தது. யுத்தம் முடிந்து துணித் தட்டுப்பாடு தீராத நேரம். இவ்வளவு துணியா என்று பெண்களே எதிர்த்தார்கள்.

1966-ல் ஈவ் சான் லோரான், ஆண்களின் விருந்து சூட்டைப் பெண்களுக்குத் தைத்தார். பேன்ட் போட்ட பெண்ணை உள்ளே விடாத பெரிய ஓட்டல்கள் அப்போது இருந்தன. உடைக்கும் சாப்பாட்டுக்கும் உள்ள சம்பந்தம் இதுதான். எதை உடுத்தலாம் என்று சொல்கிறவனே, எங்கே உட்காரலாம் என்றும் சொல்கிறான்!

கறிக்கடைக்காரர் போட்ட சூப்

சாப்பாட்டிலும் இதே கதைதான். பிரெஞ்சு சாப்பாடு என்றால் வெள்ளித் தட்டு என்று நினைக்கிறார்கள். 1850-களில் டுவால் என்ற கறிக்கடைக்காரர், உழைக்கிற ஜனங்களுக்கு மலிவு விலையில் சூப்பும் மாட்டுக்கறியும் போட்டார். 'பூயோன்' என்று பெயர்.

அங்கே பரிமாறியவர்கள் பெண்கள். கறுப்பு உடுப்பு, வெள்ளை ஏப்ரன். அவர்களில் ஒருவரை ஓவியர் ரெனுவார் படமாகவே வரைந்திருக்கிறார். தனியாக வரும் பெண்களும் தயங்காமல் சாப்பிடலாம் என்று அந்தக் காலத்துப் பயணக் கையேடே சொன்னது.

1896-ல் ஆரம்பித்த 'சார்த்தியே' கடை இன்றும் நடக்கிறது. முன்பின் தெரியாதவரோடு ஒரே மேஜையில் உட்காரணும். கணக்கை மேஜைமேல் விரித்த காகிதத்திலேயே சர்வர் கிறுக்குவார். கூட்டத்துக்குக் குறைவில்லை.

பெயின்ட் மட்டும் போதுமா?

புதுச்சேரியில் 1954 வரை பிரெஞ்சுக்காரன் ஆட்சி. கடற்கரையை ஒட்டிய வீதிகளில் பிரெஞ்சுப் பெயர் வைத்த காபிக் கடைகள் இப்போது ஏராளம். மஞ்சள் சுவர், வளைந்த ஜன்னல், பார்க்க ஜோர்தான்.

ஆனால் பெயரும் பெயின்டும் வந்தால் போதுமா? வேலை முடிந்து தனியாக வரும் பெண் யாரும் முறைக்காமல் உட்கார ஒரு மேஜை வேண்டும். அவள் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகும் விலை வேண்டும். ஓடிப்போய் பஸ் ஏற வசதியான உடை வேண்டும். அதைப் பார்த்து வாய்க்கு வந்தபடி பேசாத ஊர் வேண்டும்.

பாரீசில் இருந்து இறக்குமதி செய்ய வேண்டிய சரக்கு இதுதான். இதற்குச் சுங்க வரி கிடையாது!