மேடும் பள்ளமும்

உழவர்கரை என்னும் பெயரே உழவரையும் கரையையும் ஒருசேர நினைவூட்டுகிறது. ஆனால் இன்று ஊரில் உழவரும் அருகிவிட்டனர். கரைகளும் மறைந்து வருகின்றன. 2011-ஆம் ஆண்டின் கணக்கெடுப்பிலேயே இந்நகராட்சியின் மக்கள்தொகை மூன்று இலட்சத்தை எட்டி, புதுச்சேரி நகராட்சியை மிஞ்சிவிட்டது. தட்டாஞ்சாவடியிலும் மேட்டுப்பாளையத்திலும் தொழிற்பேட்டைகள் எழுந்தன. வேலைக்கு வந்தவர்க்கு வீடு வேண்டும். மணமான நம் பிள்ளைகளுக்கும் வேண்டும். இதில் குற்றம் காண்பதற்கில்லை. எங்கே கட்டுகிறோம் என்பதே கேள்வி.

நமக்கு மலை ஏது என்று எண்ணுகிறோம். கோரிமேட்டுச் செம்மண் மேடே நம் மலை. அது மழையைக் குடித்து அடிநிலத்தில் சேர்த்து வைக்கிறது. முத்திரைப்பாளையத்து ஊற்றுநீரை மூன்றாம் நெப்போலியன் ஆண்ட காலத்தில் (1852–1870) பிரெஞ்சுப் பொறியாளர்கள் நகருக்குக் கொண்டுவந்தார்கள். பாரதி பூங்காவின் ஆயி மண்டபம் அதன் நினைவுச் சின்னமாகும். மண்டபத்தைப் போற்றுகிறோம், நீர் தந்த மேட்டை மறந்தோம்.

செஞ்சி மலைப்பகுதியில் பிறக்கும் சங்கராபரணியின் நீரைச் சுத்துக்கேணி வாய்க்கால் ஊசுட்டேரிக்குக் கொண்டு சேர்க்கிறது. புதுச்சேரிப் பகுதியில் 84 ஏரிகள் இருந்தன என்பர். ஆற்றின் வேகத்தைத் தணித்து, வயலுக்கும் கிணற்றுக்கும் பங்கிட்டு, மிகுந்ததைக் கடலுக்கு அனுப்புவது நம் முன்னோர் கண்ட முறை.

நாமோ நீரைக் குடிக்கும் மேட்டை வெட்டினோம். அம்மண்ணைக் கொண்டே நீர் தங்கும் பள்ளத்தை நிரப்பினோம். ஒரே லாரியில் இரண்டு தவறுகள் ஏறிச் சென்றன! கோடையில் ஆழ்குழாய் வற்றுவதும், கடலோரக் கிணறுகள் உவர்ப்பதும், கார்காலத்தில் தெரு குளமாவதும் தனித்தனித் துன்பங்கள் அல்ல. அவற்றின் வேர் ஒன்றே.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேலாக மழை பொழிந்தது. கிருஷ்ணா நகரில் வீடுகளில் சிக்கியவர்களை இராணுவத்தினர் மீட்க நேர்ந்தது. அத்தகைய மழையை எந்த வாய்க்காலும் முழுவதும் தாங்கியிராது என்பது உண்மையே. ஆயினும், வழியிருந்தால் நீர் விரைவில் வடிந்திருக்குமன்றோ?

வெள்ளம் வந்தபின் சோற்றுப் பொட்டலம் கொடுப்பது இரக்கம். வருமுன் வாய்க்காலை விட்டுவைப்பது நீதி. இரக்கத்தில் நம் குடும்பங்கள் என்றும் பின்தங்கியதில்லை. நீதியிலும் முந்தவேண்டும். ஏனெனில், நாம் மனையை உயர்த்தும்போது ஒதுங்கும் நீர், உயர்த்த வசதியற்ற அயலான் வீட்டிற்கே செல்கிறது. அவனது அடுப்பை அணைத்துவிட்டு நாம் புதுமனை புகுவிழா கொண்டாடுவது எங்ஙனம் பொருந்தும்?

எனவே, அன்பர்களே, மனை வாங்குமுன் பத்திரத்தை மட்டும் பாராதீர்கள். கார்த்திகை மாதத்தில் ஒருமுறை சென்று அந்நிலத்தையும் பாருங்கள். அங்கு நீர் எவ்வழியே வருகிறது, எவ்வழியே போகிறது என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள். கட்டிய வீடாயின் கூரை நீரை மண்ணுக்குள் இறக்குங்கள். வாசல் வாய்க்காலில் குப்பை கொட்டாதீர்கள். நீருக்கு வழிவிடும் ஊரில்தான் நம் பேரப்பிள்ளைகள் அச்சமின்றி உறங்குவார்கள்.